அரை வைத்தியன்

சித்தியின் வலது கை வீங்கத் தொடங்கியது, மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையெல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து. முதலில் வளையல் ஏறவில்லை. பிறகு ரவிக்கையில் ஒரு கையை மட்டும் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. டெய்லர் காரணம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து டெய்லரை மாற்றிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. மாலையானால் கனக்கும். தூங்கும்போது தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள்வார், பக்கத்தில் யாரோ படுத்திருப்பதைப் போல.

அக்குளில் இருந்த நிணநீர்க்கணுக்களை எடுத்துவிட்டார்கள், அதன்மேல் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இரண்டும் தேவையாகத்தான் இருந்தன. ஆனால் கையிலிருந்து நிணநீர் திரும்பிவரும் பாதையும் அந்த அக்குள்தான். ரத்தக்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதியும் அதிலுள்ள புரதமும் நிணநாளங்கள் வழியாகத்தான் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல இதற்குத் தனியாக ஒரு பம்ப் கிடையாது. நாளங்களே மெல்லச் சுருங்கிச் சுருங்கித் தள்ளுகின்றன. வழி அடைபட்டால் நீர் தேங்கும். வருடக்கணக்கில் தேங்கினால் அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கை இறுகிப்போகும். பிறகு அதைத் திருப்புவது கடினம்.

கும்பகோணத்துப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யானைக்கால் நோயும் இதே தேக்கம்தான். அங்கே நாளங்களைக் கெடுப்பது சாக்கடைக் கொசு கொண்டுவரும் ஃபைலேரியா புழு, இங்கே சிகிச்சை. சித்தி சின்ன வயதில் அப்படிப்பட்ட கால்களோடு பலரைப் பார்த்து வளர்ந்தவர். “அப்பல்லாம் பஸ்ல அவங்க பக்கத்துல உக்கார மாட்டோம்டா. இப்ப எனக்கு யானைக்கை” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அழுத்த உறை, கட்டு, மசாஜ், தோல் பராமரிப்பு என்று எட்டு மாதம் போனது. கொஞ்சம் குறைந்தது, உறையைக் கழற்றினால் திரும்பி வந்தது. அப்புறம்தான் மேற்கே ஒரு நகரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் போனோம். விரலிடுக்கில் இண்டோசயனைன் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் காட்டினார். முழங்கைக்குக் கீழே இரண்டு மூன்று வெள்ளைக் கோடுகள் இன்னும் உயிரோடு இருந்தன. மேலே போகப் போகக் கோடு இல்லை, புகை மட்டும். அந்தக் கோடுகளைப் பக்கத்தில் ஓடும் சின்னச் சிரைகளோடு தைத்துவிட்டால், நிணநீர் அக்குள்வரை போகாமல் அங்கேயே ரத்தத்தில் இறங்கிவிடும். சிறிய வெட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அவர் பக்கத்தில் முப்பதைத் தாண்டாத ஓர் இளம் மருத்துவர் நின்றிருந்தார். “இவரும் என்னோட சேர்ந்து பண்ணுவார். ஒண்ணு ரெண்டு ஜாயின்ட் இவரே போடுவார்” என்றார் பெரியவர்.

நான் கேட்டேன்: “இவர் எத்தனை பண்ணியிருக்கார் டாக்டர்?”

அந்தக் கேள்வியை ஒருவிதப் பெருமையோடுதான் கேட்டேன். இணையத்தில் படித்துவிட்டு வந்த நோயாளியின் உறவினர்களுக்கே உரிய பெருமை. பதில் நான் எதிர்பார்த்தபடி இல்லை. “அங்க ட்ரெயினிங்ல நாப்பதுக்கு மேல அசிஸ்ட் பண்ணியிருக்கார். தானா போட்டது ஆறு. நான் இதுவரைக்கும் பதினஞ்சு இருக்கும்.”

இருபத்தைந்து வருடமாக அறுந்த விரல்களை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும் மனிதர் இதில் வெறும் பதினைந்து. அப்படியானால் இந்த அறையில் யார் மாணவர்?

வெளியே வந்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன்: “பெரியவரே முழுசாப் பண்ணட்டும்னு சொல்லிடலாம்.” அவரும் தலையாட்டினார். சித்தியிடம் நாங்கள் கேட்கவில்லை. அப்போது அது எங்களுக்கு உறுத்தவும் இல்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் பையன் எழுதும் நிரலை நேரடியாக வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்ற மாட்டோம். அதைப்போலவே இன்னொரு போலிச் சர்வர் இருக்கும். அங்கே உடைக்கலாம், அழலாம், மறுபடி எழுதலாம். உண்மையான இடத்தில் ஏற்றியபிறகு தவறு தெரிந்தாலும் பழைய வடிவத்துக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். பதினோரு வருடத்தில் நான் செய்த மோசமான தவறுகள் எல்லாவற்றையும் இந்த ஐந்து நிமிடம்தான் மன்னித்தது. உடம்புக்கு அந்த ஐந்து நிமிடம் கிடையாது. அப்படியென்றால் ஒருவர் அறுவை கற்றுக்கொள்வது எங்கே? யார்மேல்?

இந்தக் கேள்வி புதியதல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் மாணவர்களின் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெட்டப் பழகுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி. ரத்தக்குழாயில் துளையிடப் பழகுவதற்குச் செத்த விலங்கின் நாளங்களும் தாமரைத் தண்டும். தாமரைத் தண்டை உடைத்துப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். உள்ளே வரிசையாகக் குழல்கள். இன்றைய பயிற்சிக்கூடத்தின் சிலிக்கான் குழாய்க்கு அதுதான் மூதாதை.

அந்தப் பயிற்சிக்கூடத்தை எனக்குக் காட்டியது அந்த இளம் மருத்துவரேதான். சித்தி ஏதோ பரிசோதனைக்கு உள்ளே போயிருந்தார். “நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி சார். வந்து பாருங்க” என்று கூட்டிப்போனார். கோபம் இருந்ததா தெரியவில்லை. குரலில் இல்லை.

மேசைமேல் ஒரு நுண்ணோக்கி. அதன் கீழே ஒரு கோழித்தொடை. நிஜமாகவே கடையில் வாங்கிய லெக் பீஸ். தொடைக்குள் எலும்பை ஒட்டி ஓடும் தமனி சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதை நடுவில் வெட்டி, திரும்பத் தைக்க வேண்டும். முதலில் ரப்பர் கையுறைத் துண்டு, பிறகு சிலிக்கான் குழாய், பிறகு கோழி, அதற்கப்புறம் மயக்கமருந்து கொடுத்த எலியின் தொடைத் தமனி. எலி ஏன் என்று கேட்டேன். “கோழில ரத்தம் ஓடாது சார். நாம போட்ட தையல் சரியான்னு ரத்தம்தான் சொல்லும்.” விலங்குகளைப் பயன்படுத்துவதில் மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை என்ற மூன்று விதிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எழுதிவைத்தார்கள். அந்த விதிகளால்தான் எலிக்கு முன்னால் கோழி வருகிறது. நம் ஊரில் கோழிக்காக யாரும் அனுமதி கேட்கப்போவதில்லை. அது எப்படியும் குழம்பாகியிருக்கும்.

என்னை உட்காரச் சொன்னார். உள்ளே பார்த்தேன். சாமணத்தின் முனை பாரைக்கம்பி மாதிரித் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. நடுக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த ஆட்டத்தில் ஒரு தாளம் இருப்பது புரிந்தது. என் நாடித்துடிப்பு. வாழ்நாள் முழுக்க என் கை அசையாமல் இருந்த ஒரு கணம்கூட இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நூல் தலைமுடியைவிட மெல்லியது. வெறுங்கண்ணுக்கு வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிந்தது. கால்மணி நேரத்தில் ஒரு முடிச்சுகூடப் போட முடியவில்லை. ஊசியைத் தொலைத்ததுதான் மிச்சம்.

“இது பத்து-சைபர் நூல் சார். அம்மாவுக்கு பதினொண்ணு இல்லன்னா பன்னெண்டு-சைபர்.”

ஒரு மில்லிமீட்டர்க் குழாய்களைத் தைக்கும் கலை 1960இல் ஜூலியஸ் ஜேக்கப்சனும் எர்னஸ்டோ சுவாரஸும் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் நுண்ணோக்கிக்குக் கீழே செய்து காட்டியதிலிருந்து வளர்ந்தது. நிணநாளம் அதிலும் சிறியது. அரை மில்லிமீட்டர் இருந்தால் நல்ல நாளம். சுவர் கண்ணாடிபோல இருக்கும், உள்ளே ஓடுவதும் தண்ணீர் நிறம், எங்கே முடிகிறது என்றே தெரியாது. 0.8 மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களைத் தைப்பதற்கு ஜப்பானின் இசாவ் கோஷிமாவும் அவரிடம் கற்றவர்களும் ஒரு தனிப் பள்ளியையே உருவாக்கினார்கள். முன்சுவரைத் தைக்கும் ஊசி தெரியாமல் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் மூடிவிடும். அதைத் தவிர்க்க குழாய்க்குள் ஒரு துண்டு நூலைச் செருகி வைத்துக்கொண்டு தைக்கிறார்கள், கடைசி முடிச்சுக்கு முன் உருவிவிடுகிறார்கள். மூச்சை விட்டு முடித்த இடைவெளியில் ஊசியை நகர்த்துவது, மணிக்கட்டை முழுவதும் சாய்த்துக்கொள்வது, முதல் நாள் கனமான எதையும் தூக்காமலிருப்பது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இதில் எதையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டால் மட்டும் கை வராது.

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். அதைவிட அதிகமாகத் தெரிந்தது அதற்கான திருத்தம். ‘பேரை’ அல்ல, ‘வேரை’, ஆயிரம் மூலிகை வேர்களைப் பிடுங்கி ஆராய்ந்தவன் என்று பொருள், நம் முன்னோர்களைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று குடும்பக் குழுவில் வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது போடுகிறார்கள். எது மூலம் என்பதை மொழியறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தத் திருத்தம் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதில்தான் ஆர்வம். வேர் என்று சொன்னவுடன் அந்த வாக்கியத்திலிருந்து நோயாளி காணாமல் போய்விடுகிறார். கற்பதற்கு யாரும் விலை கொடுக்கவில்லை என்று ஆகிவிடுகிறது.

விலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். நிணநீர் வீக்கத்தின் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. வீங்கிய காலின் தோலையும் அடித்திசுவையும் சுற்றிலும் செதுக்கி எடுத்துவிட்டு தோல் ஒட்டும் கடுமையான அறுவைக்கு ‘சார்லஸ் அறுவை’ என்று பெயர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹேவலாக் சார்லஸின் பெயர் அது. அவர் 1901இல் எழுதிய கட்டுரை காலைப் பற்றியதே அல்ல, யானைக்கால் நோயால் வீங்கிய ஆணுறுப்புப் பகுதியைப் பற்றியது. தொடர்ந்து வெற்றியடைந்த 140 அறுவைகள் என்று தலைப்பே சொல்கிறது. 1950இல் மெக்கிண்டோ கால் அறுவையை அவர் பெயரில் எழுதப்போய் அதுவே நிலைத்துவிட்டது. அவர் செய்ததாக உறுதியில்லாத அறுவையில் அவர் பெயர் வாழ்கிறது. செய்த அறுவைக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்த 140 வங்காளத்து நோயாளிகள் ஒரு எண்ணாக இருக்கிறார்கள். ‘தொடர்ந்து வெற்றி’ என்ற சொற்களும் எனக்கு உறுத்தல்தான். தொடர் எங்கிருந்து எண்ணப்பட்டது? அதற்கு முன்னால் இருந்தவர்கள் யார்?

இதற்கு எதிராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எஸ். ஜமால் யானைக்கால் நோயாளிகளின் நிணநீர் மண்டலத்தைச் சிரையோடு இணைக்கும் அறுவைகளைச் செய்து, 1981இல் சர்வதேச இதழில் எழுதினார். சித்தி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மறுத்தாரே, அந்தக் கால்களுக்கு. அவர்களில் யாருக்கு அது முதல் முயற்சியாக இருந்தது, யாருக்குப் பலனளித்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் யார்மேலும் முதல்முறை செய்யக்கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால், அந்தக் கால்களை அறுவை மேசைவரை யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். நான் சித்தப்பாவிடம் சொன்னது அந்த விதியைத்தான். இன்னும் கேவலமாக: செய்யட்டும், எங்கள்மேல் வேண்டாம் என்ற விதியை.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஓசிச் சவாரி. தேர்ந்த கை எனக்கு வேண்டும், அந்தக் கை தேர்வதற்கான செலவை இன்னொருவர் கொடுக்க வேண்டும். யார் அந்த இன்னொருவர் என்பதும் நமக்குத் தெரியும். அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கைரேகை வைத்துச் சம்மதம் கொடுப்பவர். அங்கே கற்ற கை, பத்து வருடம் கழித்து, குளிரூட்டப்பட்ட அறையில் ‘அனுபவம்’ என்ற பெயரில் நமக்கு விற்கப்படுகிறது. நாம் எந்த இடத்தில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாத நிலையில் சமூகத்தின் விதிகளை எழுதிப்பார் என்று ஜான் ரால்ஸ் 1971இல் சொன்னார். எந்தப் படுக்கை நம் படுக்கை என்று தெரியாமல் யோசித்தால், மாணவர்கள் அறுவை செய்யட்டும், அந்தச் சுமை எல்லாப் படுக்கைக்கும் சமமாக விழட்டும் என்றுதான் யாரும் எழுதுவோம். இது எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

பயிற்சிக்கூடத்தில் இன்னொன்றும் கேட்டேன். தப்பாகப் போனால் என்ன ஆகும்? அவர் கொஞ்சம் யோசித்தார். “விரல் ஒட்டினோம்னா மறுநாளே தெரிஞ்சிடும் சார், கறுத்துடும். இது அப்படி இல்ல. ஒட்டு அடைச்சுக்கிட்டா பெரும்பாலும் கை முன்னாடி இருந்த மாதிரியே இருக்கும்.” ஆறுதலான பதில்தான். வெளியே வந்து யோசித்தபோது பயமாக இருந்தது. எங்கள் தொழிலில் உடைந்து விழும் நிரல் நல்ல நிரல். எங்கே உடைந்தது என்று சொல்லிவிடும். சத்தமில்லாமல் தவறான பதிலைத் தந்துகொண்டே இருக்கும் நிரல்தான் ஆளைக் கொல்லும். தைத்து முடித்த கையோடு நுண்ணோக்கியில் பார்க்கலாம். தெளிந்த நிணநீர் சிரைக்குள் இறங்கி ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போவது தெரியும். தோலை மூடியபிறகு ஆறு மாதம் கழித்து கை ஒரு சென்டிமீட்டர் இளைத்தால் அது ஒட்டினாலா, உறையாலா, அந்த வாரம் வேலை குறைவாக இருந்ததாலா? நோயாளியும் இளைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், மருத்துவரும் ஆசைப்படுகிறார். இரண்டு ஆசைகளுக்கு நடுவே ஓர் அளவுநாடா. இந்த நிலையில் ஒருவர் நூறு அறுவை செய்து ஒன்றும் கற்காமல் போக முடியும். பெரியவரின் பதினைந்து, இளையவரின் ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்த நான் தவறான எண்ணைக் கேட்டிருக்கிறேன். அந்த இருபத்தொன்றில் எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிட்டு அளந்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்று இரவு விடுதி அறையில் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபம் வந்தது. என்னைக் கேக்காம என் கையைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணீங்களா என்றார். அது நியாயமான கோபம். அதற்கப்புறம் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“எங்க ஸ்கூலுக்கு வருசா வருசம் பி.எட். பிள்ளைங்க ட்ரெயினிங் வருவாங்க. எந்த வகுப்பு கொடுப்போம் தெரியுமா?”

“எந்த வகுப்பு?”

“பத்தாம் வகுப்பு கொடுக்க மாட்டோம். பப்ளிக் எக்ஸாம், ஹெச்.எம். விட மாட்டாரு. ஏ செக்ஷன் கொடுக்க மாட்டோம், அதுல வாத்தியாருங்க பிள்ளைங்க படிக்கும். ஆறாம் வகுப்பு சி செக்ஷன். யாரோட அப்பா அம்மாவும் வந்து கேக்க மாட்டாங்க. நாந்தான் டைம்டேபிள் போடுவேன், பதினோரு வருசம் போட்டேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்தப் பிள்ளைங்களும் பாவம் நல்லாத்தான் நடத்துவாங்க. சார்ட்டெல்லாம் வரைஞ்சுக்கிட்டு வருவாங்க. ஆனா சி செக்ஷனுக்கு வருசா வருசம் அதான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“என் கை ஒண்ணும் பத்தாம் வகுப்பு இல்ல. அந்தப் பையன் போடட்டும். பெரியவரு பக்கத்துல இருக்கணும். அதை மட்டும் சொல்லிடு.”

இதைத் தியாகம் என்று நான் எழுதினால் சித்தி படித்துவிட்டுச் சிரிப்பார். தோல்வியடைந்தால் பெரிதாக ஒன்றும் இழக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதயத்தில் ஒரு வால்வு என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று ஒட்டுகள் போட்டார்கள். இரண்டு பெரியவர், ஒன்று இளையவர். நாலரை மணி நேரம். எது யாருடையது என்று சித்தி கேட்டுத் தெரிந்துகொண்டார். மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் சின்னத் தழும்பு இளையவருடையது. நெதர்லாந்தில் இந்த மாதிரி ஒட்டுகளை மருத்துவரின் நடுக்கத்தை வடிகட்டும் ரோபோ கையால் போட்டுப் பார்த்து 2020இல் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் ஒரு முதல் நோயாளி இருந்திருப்பார், அதை இயக்கப் பழகுபவருக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். இளையவர்தான் அளந்தார். மணிக்கட்டு, அதிலிருந்து பத்து சென்டிமீட்டர், முழங்கை, அதற்கு மேலே பத்து. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினார். சித்தி பையிலிருந்து தன் நோட்டை எடுத்தார். பள்ளிக்கூடத்து மதிப்பெண் பதிவேடு, மிச்சமிருந்த பக்கங்களில் தேதி வாரியாக, தையல் டேப்பால் தினமும் இரவு அளந்து எழுதிய கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய எண் கொஞ்சம் கூடுதல். இளையவருடையது குறைவு.

“தம்பி, நீங்க டேப்பை இழுத்துப் பிடிக்கிறீங்க” என்றார்.

அவர் மறுபடி அளந்தார். அரை சென்டிமீட்டர் கூடியது. எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுதினார். பிறகு முழங்கையையும் இன்னொருமுறை அளக்கத் தொடங்கினார்.